பென்டிரைவ்: "எஜெக்ட் தேவையில்லை" என்ற பதில் பாதிதான் சரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகி, பென்டிரைவை எடுப்பதற்கு முன் எஜெக்ட் கொடுப்பது (எடுக்கப் போகிறேன் என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லும் கட்டளை) இன்னும் அவசியமா என்று கேட்டிருந்தார். "புது விண்டோஸில் அது தேவையில்லை, அப்படியே எடுத்துவிடலாம்" என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. அந்தப் பதில் பாதிதான் சரி, விட்டுப்போன பாதிதான் ஆட்களை அழவைக்கிறது. ஒரு பொறியியல் கல்லூரிக்கு எதிரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். காலை முதல் ராத்திரி வரை யாராவது ஒருவருடைய பென்டிரைவ் என் கையில் இருக்கும். மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகள் வாசல் வரை நிற்பார்கள். உங்கள் பதிலைப் படித்துவிட்டு அவர்களில் யாரும் பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-இன் கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் ஒரு மாற்றம் செய்தது. வெளியிலிருந்து சொருகும் டிரைவ்களுக்கு 'குவிக் ரிமூவல்', 'பெட்டர் பர்ஃபார்மன்ஸ்' என்று இரண்டு வழி உண்டு. 1809 முதல், நாம் எதையும் மாற்றாவிட்டால் முதல் வழிதான் அமலில் இருக்கும் என்று அறிவித்தார்கள். இந்த வழியில், எழுத வேண்டிய தகவலை விண்டோஸ் தன் நினைவகத்தில் தேக்கி வைக்காமல் அவ்வப்போதே டிரைவுக்கு அனுப்பிவிடும், அதனால் எஜெக்ட் கொடுக்காமல் எடுத்தாலும் பரவாயில்லை. 2019 ஏப்ரலில் இது உலகம் முழுக்கச் செய்தியாகி, "இனிமேல் பென்டிரைவைப் பிடுங்கலாம்" என்ற தலைப்போடு வாட்ஸ்அப் வரைக்கும் வந்து சேர்ந்தது. தலைப்பு மட்டும் எல்லார் மனசிலும் தங்கிவிட்டது. டிரைவில் தகவல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கக் கூடாது என்பதும், வேகத்துக்காகத் தகவலைத் தேக்கி வைத்து எழுதும் 'பெட்டர் பர்ஃபார்மன்ஸ்' வைத்திருந்தால் எஜெக்ட் கட்டாயம் என்பதும் யாருக்கும் நினைவில்லை.

எந்த வழி அமலில் இருக்கிறது என்பது கணினியில் பதிவாகியிருக்கும் விஷயம். பென்டிரைவ் அதைத் தன்னோடு தூக்கிக்கொண்டு போகாது. உங்கள் வீட்டு லேப்டாப் விண்டோஸ் 11 ஆக இருக்கலாம், 'குவிக் ரிமூவல்' அதில் இருக்கலாம். அதே பென்டிரைவை நாளைக்கு ஆபீஸ் கணினியில் சொருகுவீர்கள், அப்புறம் என் கடையில், அப்புறம் மச்சான் வீட்டு டிவியில். எங்கள் மாதிரிக் கடைகளில் இன்னமும் விண்டோஸ் 7 ஓடுகிறது. 2020 ஜனவரியோடு அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது தெரியும், இருந்தாலும் பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காது, பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல்கள் புது மெஷினில் ஒழுங்காகத் திறக்காது, அதனால் வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்தக் கடையில் எந்த மெஷினில் எந்த செட்டிங் என்று யாருக்குத் தெரியும்? பெரிய ஃபைல் சீக்கிரம் ஏற வேண்டும் என்று உங்கள் பென்டிரைவை முன்பு அந்த மெஷினில் சொருகிய ஒருவர் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் போய் அந்த டிரைவுக்கு 'பெட்டர் பர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றி வைத்திருந்தால், அடுத்து அதே பென்டிரைவை அங்கே சொருகுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

"நான் பிரிண்ட் எடுக்கத்தானே வந்தேன், எதையும் காப்பி பண்ணவில்லையே, எழுத என்ன இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் ஒன்றும் எழுதாவிட்டாலும் கணினி எழுதுகிறது. சொருகியதுமே விண்டோஸ் தன் பங்குக்கு 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்று ஒரு மறைவு ஃபோல்டரைப் போட்டு வைக்கும். மேக் கணினியில் சொருகினால் தேடலுக்கு ஒன்று, குப்பைத்தொட்டிக்கு ஒன்று என்று புள்ளியில் தொடங்கும் பெயர்களில் நாலைந்து சேர்ந்துவிடும். வேர்டு ஃபைலைப் பென்டிரைவிலிருந்தே நேராகத் திறந்தால், திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக அதே ஃபோல்டரில் மறைவாக ஒரு குட்டி ஃபைலை வேர்டு உருவாக்கும், மூடும்போது அழிக்கும். வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகையைத் திறந்து ஒரு எழுத்தைத் திருத்தி சேவ் கொடுத்தால் 'பேக்கப் ஆஃப்' என்று பெயர் போட்டு இன்னொரு பிரதி பக்கத்திலேயே வந்து உட்காரும். மெஷினில் வைரஸ் இருந்தால் கேட்கவே வேண்டாம், சொருகியதுமே அது தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும். ஆக, வெறுமனே படிக்க மட்டும் சொருகினேன் என்பது நாம் நினைப்பது, உள்ளே நடப்பது வேறு.

எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் என்ன கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு ஃபைல் மட்டும்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் விற்கும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யப்பட்டவை. எந்த ஃபைலின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை டிரைவின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. புதிதாக ஒரு ஃபைல் ஏறும்போதெல்லாம் அந்த அட்டவணையும் ஃபோல்டரில் உள்ள பெயர்ப் பட்டியலும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்று மாறி மற்றது மாறாமல் நடுவில் இணைப்பு அறுந்தால் கணக்கு இடிக்கும். கணினியின் உள் டிஸ்க்கில் இருக்கும் என்டிஎஃப்எஸ் முறையில், என்ன மாற்றம் செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும் வசதி உண்டு, கரன்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து அட்டவணையைச் சரிசெய்துகொள்ளும். ஃபேட்32-வில் அந்த வசதி கிடையாது.

அட்டவணை கெட்ட பென்டிரைவைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 'ஃபைனல் ரிப்போர்ட்' என்று இருந்த ஃபோல்டர் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியும் சுழியுமாகப் பெயர் மாறியிருக்கும். 16 ஜிபி டிரைவுக்குள் ஒவ்வொன்றும் 3 ஜிபி, 4 ஜிபி என்று டஜன் கணக்கில் ஃபைல் இருப்பதாகக் காட்டும். தேதி 2060 என்றோ 2094 என்றோ இருக்கும். ஃபேட் முறையில் தேதியை 1980-இலிருந்து 2107 வரை குறிக்க முடியும், குப்பையான எண்ணைத் தேதியாகப் படித்தால் அந்த வரம்புக்குள் ஏதோ ஒரு வருஷம் வந்து நிற்கும். எதிரில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்த நாள் வைவா, வீட்டில் வேறு காப்பி இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு "ஒன்றும் செய்ய முடியாதும்மா" என்று சொல்வது இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத வேலை.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பென்டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அழித்துத் திருப்பி எழுத முடியாது. எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக நடக்கும், அழிப்பது சில நூறு கேபியிலிருந்து சில எம்பி வரைக்கும் உள்ள பெரிய தொகுதிகளாகத்தான் நடக்கும். அதனால் ஒரு தொகுதியைக் காலி செய்வதற்கு முன், அதில் இருக்கும் பழைய தகவலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மாற்றிய இடத்தைத் தன் உள் கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் நமக்குத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால், நீங்கள் அன்றைக்குத் தொடவே தொடாத பழைய போட்டோகூடப் போகலாம். அந்த உள் கணக்கே கெட்டுவிட்டால் டிரைவ் முழுசாகக் கையை விரித்துவிடும். சொருகினால் 0 பைட் என்று காட்டும், இல்லாவிட்டால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். மலிவு பென்டிரைவ்களில் திடீர் மின்வெட்டைத் தாங்கும் ஏற்பாடு எதையும் எதிர்பார்க்க முடியாது.

"பத்து வருஷமாகப் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான நேரம் பென்டிரைவ் சும்மா இருக்கும், அந்த நேரத்தில் எடுத்தால் ஒன்றும் ஆகாதுதான். யு.எஸ்.பி. இணைப்பே அப்படி எடுப்பதற்காகச் செய்யப்பட்டதுதான். வழக்கமான தட்டை யு.எஸ்.பி. முனைக்குள் உற்றுப் பார்த்தால் நாலு பொன்னிறப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, அவை சற்று நீளம். நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு, அவை கட்டை. அதனால் சொருகும்போது மின்சாரம் முதலில் வரும், எடுக்கும்போது கடைசியில் போகும். ஷார்ட் ஆகுமோ, போர்ட் எரியுமோ என்ற பயமெல்லாம் வேண்டாம். ஆபத்து முழுக்க, அந்த நொடியில் எழுத்து நடக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது, அதை வெளியில் இருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள நமக்கு நம்பகமான வழி இல்லை. விளக்கு சிமிட்டினால் எடுக்காதீர்கள் என்று சொல்வார்கள். சிமிட்டும்போது எடுக்கக் கூடாது என்பது சரி. ஆனால் இப்போது வரும் குட்டி டிரைவ்கள் பலவற்றில் விளக்கே கிடையாது, இருக்கும் சிலவும் சொருகியது முதல் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருக்கும்.

விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அது எங்கோ இருக்கும் விஷயமில்லை, அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் போட்டுக் கொடுத்தார்கள், பள்ளிக்கூட லேப்களிலும் லினக்ஸ் உண்டு. அதில் காப்பி கொடுத்தால் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை சரசரவென்று 100 சதவீதத்துக்கு ஓடிவிடும். முடிந்துவிட்டது என்று எடுத்தால் போச்சு. வழக்கமான அமைப்பில், எழுதக் காத்திருக்கும் தகவலுக்காக நினைவகத்தில் 20 சதவீதம் வரை லினக்ஸ் பயன்படுத்திக்கொள்ளும். 8 ஜிபி ராம் உள்ள மெஷினில் ஒரு ஜிபி வரைக்கும்கூடத் தேங்கி நிற்கலாம். பழைய பென்டிரைவ் ஒரு நொடிக்கு 5 எம்பியோ 10 எம்பியோதான் எழுதும், ஆக அந்த ஒரு ஜிபி இறங்க இரண்டு, மூன்று நிமிஷம் ஆகும். பட்டையோ எப்போதோ மறைந்திருக்கும். எஜெக்ட் கொடுத்தால் மிச்சம் இருப்பதை எழுதி முடிக்கும் வரை கொஞ்சம் பொறு என்று சொல்லும், அப்புறம்தான் விடும். அந்தத் தாமதத்தைப் பார்த்துவிட்டு மெஷின் ஹேங் ஆகிவிட்டது என்று பிடுங்குகிற பிள்ளைகள் நிறைய. ஆசிரியர்கள் இந்த ஒன்றை மட்டும் லேபில் செய்து காட்டினால்கூடப் போதும்.

வெளி ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் முடியை விட மெல்லிய இடைவெளியில் ஹெட் மிதந்துகொண்டிருக்கிறது. எஜெக்ட் கொடுத்தால் ஹெட்டை ஒழுங்காகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் தட்டும் நிற்கும், கையை வைத்துப் பார்த்தால் அதிர்வு அடங்குவது தெரியும். கரன்ட் திடீரென்று போனால் மிச்சமிருக்கும் வேகத்தை வைத்து அவசரமாக ஹெட்டை இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அது அவசரத்துக்கு உரியது, தினசரிப் பழக்கமாக்கினால் டிஸ்க்கின் ஆயுள்தான் குறையும். பிடுங்கிய கையோடு, தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பைக்குள் போட்டு பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன், ஒரு குடும்பத்தின் கல்யாணம் முழுக்க அந்த ஒரு டப்பாவில் இருக்கிறது.

டிவியிலும், சிசிடிவி காட்சிகளைப் பதியும் பெட்டியான டிவிஆரிலும் சொருகுபவர்கள் கவனிக்க: டிவிஆரில் பேக்கப் எடுக்கும்போது, முடிந்தது என்று திரையில் வரும் வரைக்கும் காத்திருங்கள், அவசரப்பட்டு எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே ஃபைல் திறக்காது. டிவியில் எஜெக்ட் மெனு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் படத்தை நிறுத்திவிட்டு டிவியை அணைத்துவிட்டு எடுங்கள்.

எஜெக்ட் கொடுப்பதில் ஜனங்களுக்கு இருக்கும் நிஜமான எரிச்சல் எனக்கும் தெரியும். அவசரத்தில் கொடுத்தால், "இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது, புரோகிராம்களை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள்" என்று சொல்லும், எந்தப் புரோகிராம் என்று சொல்லாது. இத்தனை வருஷம் ஆகியும் இதை மைக்ரோசாஃப்ட் சரிசெய்யாமல் வைத்திருப்பது பெரிய குறை, ஜனங்கள் வெறுத்துப்போய்ப் பிடுங்கும் பழக்கத்துக்குப் பாதிக் காரணமே இதுதான். பெரும்பாலும் பின்னால் திறந்து கிடக்கும் ஒரு வேர்டு அல்லது பிடிஎஃப் ஜன்னல்தான் பிடித்து வைத்திருக்கும். அதை மூடிவிட்டு, பென்டிரைவ் ஃபோல்டரையும் மூடிவிட்டு, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடினால் அது முடியட்டும் என்று சற்று நேரம் விட்டுக் கொடுத்தால் போய்விடும். அப்பவும் அடம் பிடித்தால் கணினியை முழுசாக ஷட் டவுன் செய்துவிட்டு எடுங்கள், ஸ்லீப்பில் போட்டுவிட்டு எடுக்காதீர்கள். யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும் என்றால், கணினியில் நடப்பதைப் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளுக்குள் 225 என்ற எண்ணைத் தேடினால் தடுத்த புரோகிராமின் பெயர் இருக்கும்.

எங்கள் கடையில் ஒரு முறை வைத்திருக்கிறோம், மற்ற கடைக்காரர்களும் செய்யலாம். பென்டிரைவ் வந்ததும் தேவையான ஃபைலை டெஸ்க்டாப்பில் காப்பி எடுத்துக்கொண்டு, உடனே எஜெக்ட் கொடுத்து, வாடிக்கையாளர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதற்கு அப்புறம்தான் ஃபைலைத் திறப்பதும் திருத்துவதும் பிரிண்ட் கொடுப்பதும். வேர்டும் கோரல்டிராவும் பென்டிரைவைத் தொடவே தொடாது, 'பயன்பாட்டில் உள்ளது' தொல்லையும் வராது. வாடிக்கையாளர் பென்டிரைவை மறந்துவிட்டுப் போய்ச் சாயங்காலம் தேடிக்கொண்டு வருவதும் நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் டெஸ்க்டாப் காப்பியை அழித்துவிட வேண்டும், அது அவர்களுடைய சொந்த ஃபைல்.

எஜெக்ட் கொடுத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. 300 ரூபாய்க்கு 2 டிபி என்று ஆன்லைனில் வாங்கிய போலி டிரைவை எத்தனை தடவை எஜெக்ட் செய்தாலும் அது காப்பாற்றாது, உள்ளே இருக்கும் சிப் சின்னது, நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிவிடும். ரிப்போர்ட்டுக்கு வேறு ஒரு காப்பி மெயிலிலோ லேப்டாப்பிலோ இருக்கத்தான் வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: அந்தப் பதிலுக்கு ஒரு விளக்கம் போடுங்கள். சொந்தக் கணினியில், விண்டோஸ் 10-இன் 1809 பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்து, 'குவிக் ரிமூவல்' இருப்பதை உறுதி செய்து, காப்பியும் முடிந்து, ஃபைல்களையும் மூடிவிட்டால் எஜெக்ட் இல்லாமல் எடுக்கலாம் என்று எழுதுங்கள். வேறு யாருடைய மெஷினாக இருந்தாலும், லினக்ஸ், மேக், ஹார்ட் டிஸ்க் எதுவாக இருந்தாலும் எஜெக்ட் வேண்டும் என்றும் சேர்த்துப் போடுங்கள். வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் யு.எஸ்.பி. படம் வரும், இல்லாவிட்டால் டிரைவின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்தாலே 'எஜெக்ட்' இருக்கும். ஒரு படம் போட்டுக் காட்டினால் பெரியவர்களுக்கும் உதவும்.

இடம் இருந்தால் இதையும் வெளியிடுங்கள். ஏற்கெனவே பிடுங்கிவிட்டு, சொருகினால் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கிறதா? கேன்சல் கொடுங்கள். சரி என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள், புதிதாக ஒரு ஃபைலையும் அதில் ஏற்றாதீர்கள். "ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்டாலும் முதலில் திறக்க முடிகிற ஃபைல்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துக்கொண்டு அப்புறம் செய்யுங்கள், ஏனென்றால் சரிசெய்கிறேன் என்று சிதறிய துண்டுகளையெல்லாம் 'ஃபவுண்ட் 000' என்ற ஃபோல்டரில் பெயர் இல்லாமல் கொட்டிவிடும். ஒன்றுமே திறக்கவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பெயரில்தான் போட்டோ, வேர்டு, பிடிஎஃப் ஃபைல்களையும் தேடி எடுக்கும். அட்டவணையைப் பார்க்காமல் ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் உரிய அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் கிடைக்காது, உள்ளடக்கம் கிடைக்கும். மீட்டதை அதே பென்டிரைவில் சேமிக்காமல் கணினியில் சேமிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்தும் ஒரு வாசகர்,
திருநெல்வேலி